கண்ணாடி இல்லாத கேமரா வாங்கப் போன மகனுக்கு

சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நா கேமராவ பாத்துட்டு திரும்பி வந்ததும் ஒரு முடிவு சொல்லிடும்மா, கடைக்காரரு காத்துகினு இருக்காரு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அது சரி என்கிற ஆட்டல் இல்லை, பஸ் கிளம்பட்டும் என்கிற ஆட்டல். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று கத்திச் சொல்கிற விஷயமா அது? போனில் சொன்னால் சிரித்து மழுப்புவாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்பாய், எனக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. நீ வந்ததும் உங்கப்பா கையில் கொடுப்பார், நிதானமாக உட்கார்ந்து படி.

நீ கேட்டது ஒரே கேள்வி. நம் ஸ்டுடியோவில் இருக்கிற இரண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமராவையும் லென்ஸோடு கொடுத்துவிட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா, வேண்டாமா? உனக்கு அது சாமான் மாற்றுகிற காரியம். எனக்கு அப்படி இல்லை. மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நீ எடுக்கிறாய். உள் அறையில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும்போதும், மஞ்சள் நீராட்டுக்கும், வளைகாப்புக்கும் நான் எடுக்கிறேன். ஆம்பளை போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாத அறைக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போவேன். அதனால்தான் தியாகதுருகத்திலிருந்து நைனார்பாளையம் வரைக்கும் "அந்த ஸ்டுடியோ அக்காவ கூப்புடு" என்கிறார்கள். இரண்டு கேமராவில் ஒன்று என் கைக்குப் பழகியது. அது போனால் நானும் போனேன் என்றுதான் என் மனசில் படுகிறது. புதுசைப் பழக இந்த வயதில் ஆகுமா என்று பயம் ஒரு பக்கம், என்னை மரியாதையாகக் கழற்றிவிட நீ போடுகிற வழியோ இது என்று சந்தேகம் இன்னொரு பக்கம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் சந்தேகப்பிராணி என்று நீயும் உங்கப்பாவும் கூட்டுச் சேர்ந்துகொண்டு சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஒருவன் சொன்னால், அந்த மூன்றில் எது சொத்தை என்றுதான் நான் பார்ப்பேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது உங்கப்பா எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று ஒரு மெமரி கார்டு வாங்கிவந்தார். பெரிய கம்பெனிப் பெயர், பளபளவென்று அட்டை. எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. "எழுத்து கோணலா இருந்தா படமும் கோணலாவா உழும்? சும்மா இருடி" என்றார். தியாகதுருகத்தில் ஒரு காதணி விழா. நான் புதுக் கார்டில் எடுத்ததையெல்லாம் பழைய கார்டை மாற்றிப் போட்டு இன்னொரு தரமும் எடுத்தேன். மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, வீட்டுக்காரர்கள் "இன்னாக்கா, ஒரே படத்த எத்தினி தரம் எடுப்ப?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் புதுக் கார்டில் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. குத்தின காதை மறுபடி குத்தச் சொல்ல முடியுமா? அன்றைக்கு நம் மானத்தைக் காப்பாற்றியது என் சந்தேகம்தான். நம்புவதற்கு முன்னால் எதையும் ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிடு, தப்பில்லை. நம்பின பிறகு சோதித்துக்கொண்டே இருக்காதே, அது கூட இருப்பவர்களுக்கு வலிக்கும். இதில் இரண்டாவதை நானே சரியாகச் செய்வதில்லை என்பதைக் கீழே படிக்கும்போது நீயே சொல்வாய்.

சரி, உன் மிரர்லெஸ்ஸுக்கு வருகிறேன். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் பார்ப்பதை அது மேலே திருப்பி என் கண்ணுக்குக் காட்டுகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்பி வழிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது, 'டப்' என்கிறது. இதில் ஒளிவு மறைவு கிடையாது. புதுசில் கண்ணாடியே இல்லை, கண் வைக்கிற துவாரத்துக்குள் ஒரு குட்டி டிவி ஓடுகிறது. கல்யாணப் பெண் எதிரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, அவளை நான் டிவியில் பார்க்க வேண்டுமாம்! "அதுல தெரியறதுதாம்மா படத்துல வரும். வெளிச்சம் ஜாஸ்தியா கம்மியான்னு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றாய். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா? பேட்டரி தீர்ந்தால் அந்த டிவியும் அணைந்துபோகும், அப்புறம் கையில் இருப்பது செங்கல். அதற்கு நீ, "எதிர்ல இருக்கறவங்க கண்ண அதுவே தேடிப் புடிச்சுக்கும்மா, ஃபோகஸ் தப்பவே தப்பாது" என்றாய். "அப்போ நா எதுக்குடா?" என்று கேட்டேன். நீ டம்ளரில் இருந்த டீயைக் குடித்தாய், டம்ளரைக் கழுவி வைத்தாய், வெளியே போய்விட்டாய். நீ என்றைக்குடா டம்ளரைக் கழுவினாய்? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அந்தக் கடைக்காரர் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாயே, அவர் என்னை ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை 'அம்மா' என்றார். பெற்ற பிள்ளையே அத்தனை தடவை கூப்பிடுவதில்லை. "கடைசி பீஸும்மா" என்றார். கடைசிப் பீஸ் என்று சொல்லி விற்றவனிடம் மறுநாள் போய்ப் பார், அதே இடத்தில் அதே பீஸ் இருக்கும். அதைவிட உன் பேச்சுதான் என்னைக் குடைந்தது. "வெயிட்டு கம்மிமா, ரெண்டு கேமரா பாடி, மூணு லென்ஸ், எல்லாத்தையும் ஒரே பையில போட்டு தோள்ல மாட்டிகினு கெளம்பிடலாம்" என்றாயே, எங்கே கிளம்பிவிடலாம்? மூங்கில்துறைப்பட்டுக் கல்யாணத்துக்கு வேனில் போகிறோம், பை எத்தனை இருந்தால் என்ன? ஒரே பையோடு கிளம்புகிறவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவன். கூடவே "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்று தை பிறந்ததிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். பத்து விரலும் நன்றாக இருக்கிறவளை எதற்கு ரெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்? இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். பிள்ளை ஊரை விட்டுப் போகிறான், போவதற்கு முன்னால் அம்மா கையில் இருப்பதை வாங்கி விற்றுவிட்டுப் போகிறான். இப்படித்தான் கணக்கு வந்தது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அப்புறம்தான் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் நடந்த கல்யாணம். பழகிப் பார்க்கலாம் என்று ஒரு மிரர்லெஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தாய், நான் என் பழசை விடாமல் எடுத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறும்போது உங்கப்பா, "ரெண்டு கேமராவும் சண்ட போடாம வந்தா சரி" என்றார். நான் சிரிக்கவில்லை. பெண் வீட்டில் சாமை மூட்டையை ஓரமாகத் தள்ளி, ஜன்னல் பக்கம் பாய் விரித்து, நான் கேட்ட இடத்தில் பெண்ணை உட்கார வைத்துக் கொடுத்தார்கள். நான் "எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டு, அவள் தலையை ஆட்டின பிறகுதான் அமுக்கினேன். எப்போதும் அப்படித்தான்.

வெளியே பந்தலில் உன் கூத்து நடந்துகொண்டிருந்தது. சத்தமே வராத மாதிரி கேமராவை வைத்திருந்தாய், சத்தம் இல்லாவிட்டால் அதில் பிளாஷும் அடிக்காது. பெண் மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு நின்ற சொந்தக்காரர்கள், நின்றது நின்றபடி நிற்கிறார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, ஒருவரும் மேடையை விட்டு இறங்கவில்லை. தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர் பல்லைக் காட்டிச் சிரித்துச் சிரித்து வாய் வலித்து, "எடுத்துட்டியா இல்லியா தம்பி?" என்றார். "அப்பவே எடுத்தாச்சுங்க." "எங்க எடுத்த? மின்னவும் இல்ல, சத்தமும் இல்ல. என்ன ஏமாத்தாத, கழுத்து புடிச்சுகிச்சு" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அந்தப் பெரியவர் பக்கம்தான் நியாயம். உன்னை எடுத்தேன் என்று எதிரில் நிற்கிறவருக்குத் தெரியப்படுத்துவது ஒரு மரியாதை. சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது சத்தம் இல்லாதது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் அறைக்குள் சத்தமில்லாமல் எடுக்கிற கேமராவோடு ஒருத்தி நுழைந்தால் நானே அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன்.

போதாததற்கு நீ அன்றைக்குத் துவாரத்தில் கண்ணே வைக்கவில்லை. செல்போன் மாதிரி கையை நீட்டி, பின்பக்கத் திரையைப் பார்த்தே எல்லாவற்றையும் எடுத்தாய். இதற்கா இத்தனை பேச்சு, வேலையை இவ்வளவு சோம்பேறித்தனமாகவா செய்வார்கள் என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

தாலி கட்டுவதற்கு முன்னால் லென்ஸ் மாற்றினாய் பார், அதைச் சொல்லாமல் விடுவேனா? பழைய கேமராவில் மாற்றுகிற பழக்கத்திலேயே, கேமராவின் வாயை மேலே பார்க்க வைத்துக்கொண்டு லென்ஸைக் கழற்றினாய். பழசில் கண்ணாடி குறுக்கே படுத்துக் காத்துக்கொள்ளும். இதில் குறுக்கே ஒன்றும் இல்லை, படம் பதிகிற இடம் பச்சையாகத் திறந்து கிடக்கிறது. தாலி ஏறுவதற்குள் யாரோ ஒரு அவசரக்காரர் அட்சதையை வீசிவிட்டார், ஒரு மஞ்சள் அரிசி நேராக உள்ளே விழுந்தது. கவிழ்த்துத் தட்டினாய், அரிசி வந்துவிட்டது, மஞ்சள் தூள் வரவில்லை. தாலி கட்டினதை எடுத்துவிட்டாய், அதில் தூசு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தி ஊர்ச் சொந்தம் எல்லாரையும் சேர்த்து எடுத்தபோதுதான் வானத்தில் புள்ளி புள்ளியாக நின்றது. உன் முகம் போன போக்கு! "மா, நீ ஒண்ணு எடுத்துடு" என்றாய். சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். உன்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, அத்தனை பேரையும் என் பழசில் எடுத்தேன். திரும்பி வரும்போது மலை இறங்குகிற வரைக்கும், அட்சதைக்கு வாய் திறக்கிற கேமரா என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். பந்தலுக்குக் கீழே லென்ஸ் மாற்றினால் கேமராவைக் குப்புறப் பிடி. சொன்னது அம்மா என்பதற்காக மறந்துவிடாதே.

ஆனால் வீட்டுக்கு வந்து நீ செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. உன் படத்தில் மஞ்சள் புள்ளிகளை மவுஸை வைத்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாய். "என்னுதுதான் சுத்தமா இருக்குதே, அத குடுக்கறதுதான?" என்றேன். "உன்னுதுல ஒருத்தரு கண்ண மூடிகினாரும்மா" என்றாய். மொத்தக் குடும்பத்தில் ஒருத்தர் கண்ணை மூடினதற்காகவா இத்தனை பாடு? நீ குளிக்கப் போனபோது என் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் கண்ணை மூடவில்லை. பின்னால் இருந்த பந்தல் மூங்கில் கணுக் கணுவாகத் தெரிகிறது, முன்னால் நிற்கிற ஒரு முகமும் தெளிவாக இல்லை. இரண்டு தலைக்கு நடுவே புகுந்து ஃபோகஸ் மூங்கிலைப் பிடித்திருக்கிறது. துவாரத்தில் பார்க்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் எதைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? வேனில் பையைத் தூக்கிப் போட்ட உங்கப்பாவை. லென்ஸ் அடிபட்டிருக்கும் என்றேன். மலைப் பனியைச் சந்தேகப்பட்டேன். நீ பொறாமையில் படத்தைக் கெடுத்துவைத்தாயோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அடிப்பாவி, பெற்ற பிள்ளையை! ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் கண்ணை மட்டும் விட்டுவிட்டேன்.

நீ பஸ் ஏறின பிறகு இன்று வீட்டுக்கு வந்ததும், வாடகைக் கேமராவில் இன்னும் என்ன குறை இருக்கிறது பார்ப்போம் என்று எடுத்து உட்கார்ந்தேன். வலது கண்ணை வைத்தேன், வெள்ளையாக ஒரு மூட்டம், வழக்கம் போலத்தான். கொஞ்ச நாளாக அதற்குப் பதில் வேலை செய்கிற இடது கண்ணை வைத்தேன், பழசில் அதற்கும் அரைகுறையாகத்தான் தெரியும். வாசலில் நின்ற உங்கப்பாவின் சட்டைப் பட்டனில் நூல் பிரிந்திருப்பது தெரிந்தது. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, வெளிச்சம் கூட்டி வைத்து. கட்டைவிரல் போய் உட்காருகிற இடத்தில் ஒரு பட்டன், அமுக்கினால் அவர் கண் மட்டும் பெரிதாகி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ள ஒரு சின்னத் திருகு உண்டல்லவா, அதைப் பார்த்தேன். ஒரு ஓரத்துக்குத் திருப்பி வைத்திருந்தது. உன் கண்ணுக்கு அங்கே வைத்தால் எல்லாம் கலங்கித் தெரியும். உன் கண்ணுக்கு என்னடா குறை? அப்போதுதான் புரிந்தது, நீ கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுத்தது சோம்பேறித்தனத்தால் இல்லை. நான் எந்த நேரத்தில் அதைக் கையில் வாங்கினாலும் எனக்குத் தெரியட்டும் என்று திருகைத் தொடாமல் வைத்திருந்திருக்கிறாய்.

உங்கப்பாவைப் பிடித்து உலுக்கினேன். "அவனுக்குத் தெரியுமா?" "இன்னாது?" "இன்னாதா? என் கண்ணு!" மனுஷர் முதலில் மாட்டேன் என்றார், அப்புறம் உளறிவிட்டார். "அவன்தான்டி எனக்கே சொன்னான். முன்னெல்லாம் அம்மா வலது கண்ணுல பாக்கும், மூக்கு கேமரா ஓரமா தள்ளி நிக்கும். இப்ப ஸ்கிரீனுக்கு நடுவுல மூக்கு அச்சு உழுவுதுப்பா, இடது கண்ணுக்கு மாறிடுச்சின்னான். தினம் தொடச்சி வெச்சிகினு இருக்கான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் மறுபடி கோபம் வந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அந்தக் கதையாக இருந்திருக்கிறேன். சந்தேகப்படுகிற வேலைக்கு இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நீ தினமும் என் கேமராவின் முதுகைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். டாக்டரிடம் காட்டினால் புரை என்பார், அறுக்க வேண்டும் என்பார். கண்ணில் கத்தியா? ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால்? "அந்த அக்காவுக்கு கண்ணு தெரியலியாமே" என்று ஒரே ஒரு கல்யாண வீட்டில் பேச்சுக் கிளம்பினால் போதும், நைனார்பாளையம் போய்ச் சேருவதற்குள் எனக்குக் கண்ணே இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நீ எதற்குப் பயந்தாய்? அம்மா மனசு கஷ்டப்படும் என்றா? என் கண் கெட்டுப்போனதை என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல், இருக்கிற கேமராவையெல்லாம் மாற்றக் கிளம்பினாயே, கூரை ஒழுகுகிறது என்றால் கூரையை மாற்றுவார்களா, பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பார்களா? பாசம்தான், எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் கேள். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், உங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கும். அவர்களிடம் இப்படி மூடி மூடி அன்பு காட்டாதே. வெளியே தெரியாத அன்பு, என்னைப் போல ஒருத்தி கண்ணுக்குத் திருட்டுத்தனமாகத்தான் தெரியும். நானும் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமலே என் மனசுக்குள் உன்னை ஊரை விட்டு அனுப்பிவைத்துவிட்டேன்.

ஆகவே, கடைக்காரரிடம் போனில் இப்படிச் சொல். இப்போதைக்கு ஒன்றும் விற்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை, அந்தக் கடைசிப் பீஸ் எங்கேயும் ஓடிவிடாது. வைகாசி வரைக்கும் கைவசம் இருக்கிற வேலைகளில் பெண்கள் அறைக்கு அந்த வாடகைக் கேமராவையே எடுத்துக்கொண்டு போகிறேன், சத்தத்தை மட்டும் வைத்துக் கொடு. மூங்கிலை எடுத்துக் கொடுத்து யார் வீட்டுக் கல்யாணத்தையும் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. முகூர்த்தம் ஓய்ந்ததும் கண்ணைக் காட்டுகிறேன். அறுக்கத்தான் வேண்டும் என்றால் அறுத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெளிந்த கண்ணால் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உன் கேள்விக்குப் பதில். புதுசுதான் நல்லது என்று அப்போது எனக்குப் பட்டால், நானே உன்னோடு சென்னைக்கு வந்து அந்தக் கடைக்காரரிடம் பேரம் பேசுவேன், அவர் அம்மா அம்மா என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் சரி.

ஒன்று மட்டும் செய்யப்பா. என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற அன்றைக்கு வேறு கல்யாணம் ஒத்துக்கொள்ளாதே. உங்கப்பா பயந்துபோய் வெளியே டீக்கடையில் நிற்பார், அவரை நம்ப முடியாது. கண் கட்டைப் பிரிக்கும்போது நீ எதிரில் நிற்க வேண்டும். பழசு, புதுசு, எந்தக் கேமராவும் கொண்டுவராதே, நடுவில் ஒன்றும் வேண்டாம். ரொம்ப நாளாக உன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லையடா.